இருநூற்றெண்பதுக்கு மிஞ்சியது

சவேரியார் சந்தில் பாதாம் மரத்தடியில் பன்னிரண்டு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்த பொன்னுரங்கம், அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் துணி எத்தனை என்பதை விரலாலும் எப்போது வேண்டும் என்பதைப் புருவத்தாலும் கேட்டாரே தவிர ஒரு வார்த்தை பேசியிராத பொன்னுரங்கம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, யாருடைய வேட்டியின் மேலோ கரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டே, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை "மதிப்பிற்குரிய."

"மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு, சவேரியார் சந்து குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது என்னவென்றால்" என்று சொல்லி, வேட்டியைத் திருப்பிப் போட்டு, "தங்கள் மேலான கவனத்தை ஈர்க்கும் முகமாக" என்றும் "என்றும் தங்கள் உண்மையுள்ள" என்றும் சொல்லி முடித்து, வேட்டியை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

யாரும் மயங்கி விழவில்லை. கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ரெஜினாதான் திரும்பிப் பார்த்தாள்.

"இவரு பேசுவாரா?"

"இத்தனை நாளு பேசலை. அதுக்காகப் பேசவே கூடாதுன்னு இருக்கா? நீ கட்டை எடுக்கிறியா, நான் கெளம்பட்டா?" என்றாள் கீரைக்காரி.

மாடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்கு மட்டும் கை நின்றது. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் அன்று காலை பத்து மணிக்கு அவள் தன் கையால் வெட்டி எறிந்தவை.

அந்தத் தெருவுக்கு ஒரு கண்டுபிடிப்பு உண்டு. மாநகராட்சிக்கு மனு எழுதிப் போட்டால் அது எந்த ஃபைலுக்குள் படுத்துத் தூங்குகிறது என்று தெரியாது, ஆனால் அதையே படத்தோடு ட்விட்டரில் போட்டு ஆணையரின் பெயரையும் கோத்துவிட்டால் மத்தியானத்துக்குள் தொப்பி போட்ட ஆள் ஒருவர் வந்து நிற்பார் என்று அடுத்த தெருக்காரர்கள் சொல்லக் கேட்டு, சங்கமும் ஒரு கணக்கைத் திறந்தது. திறந்து என்ன? ஒரு பதிவுக்கு இருநூற்றெண்பது எழுத்துதான், அதிலும் தமிழென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் விழும் என்பது செயலாளர் வேதமுத்துவுக்குத் தெரியவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுதி ஓய்ந்த கை அது. முகமன் சொல்லாமல் விஷயத்தைச் சொல்வது அவருக்குச் சட்டை போடாமல் ஆபீசுக்குப் போவது மாதிரி. ஆகவே சங்கத்தின் முதல் மூன்று புகார்களும் "பணிவன்புடன் எழுதிக்கொள்வது என்னவென்றா" என்ற இடத்தில், ஒற்றை எழுத்துக்கு இடமில்லாமல், அப்படியே ஊர் பார்க்கப் போய் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பொறுமைசாலி மூன்றுக்கும் பதில் போட்டிருந்தார்: "வணக்கம். உங்கள் புகார் என்ன?"

அதற்குப் பிறகுதான் அமலோற்பவத்தைத் தேடி வந்தார்கள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பெரிய பத்தியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்லும் ப்ரேஸி என்ற வித்தையில் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மூன்று வருஷம் முதல் பரிசு. அலங்காரம், உதாரணம், திரும்பச் சொல்வது, அழுகை, இதையெல்லாம் வெட்டு, மிஞ்சுவதுதான் விஷயம் என்று சிஸ்டர் பெர்னதெத் மரஸ்கேலால் மேஜையைத் தட்டிச் சொன்னதை அவள் தாள்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. புருஷன் கில்பர்ட் ரயில்வேயிலிருந்து வீடு திரும்பி, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா அமலா" என்று செருப்பைக் கழற்றும்போதே "விஷயத்துக்கு வாங்க" என்பாள். அந்த மனுஷரும் கடைசியில் அவளுக்குத் தோதாகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறே நிமிஷத்தில் இழுக்காமல் செத்துப்போனார்.

அவள் வேதமுத்துவின் மனுவை வாங்கினாள், மூக்குக்கண்ணாடியை மாட்டினாள், அழித்தாள். "சவேரியார் சந்து. ஐந்து நாளாகக் குப்பை எடுக்கவில்லை. படம் கீழே." மத்தியானம் வண்டி வந்தது. சாயங்காலம் பொன்னுரங்கம் வாய் திறந்தார்.

புதன்கிழமை தெருவிளக்கு, வியாழக்கிழமை சாக்கடை மூடி, வெள்ளிக்கிழமை நாய்கள் என்று அவள் வெட்டிக்கொண்டே போனாள், வெட்டியதெல்லாம் அன்றன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், சட்டைக் காலரின் மேல் கரிப்பெட்டி நகரும் தாளத்தில் அவர் வாய்வழியே வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் மரத்தடிக்குப் பெஞ்சுகள் வந்தன. அதற்கடுத்த வாரம் சுண்டல்காரர் தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். பங்குச் சாமியார் வந்து இரண்டு சாயங்காலம் நின்று கேட்டுவிட்டு, பேசும்போதுகூட மடிப்புக் கோணவில்லை, பிசாசு பிடித்தவன் இவ்வளவு நேர்த்தியாக அங்கி தேய்க்கமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லி, பூசை மணி அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பொன்னுரங்கம் நிறுத்தினார். மணி ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்ந்தார். வேதமுத்துவுக்கோ தலைகால் புரியவில்லை. தன் "மேற்படி"யும் "அடியிற்கண்ட"வும் பொதுமக்கள் முன்னிலையில் ஒலிப்பதைக் கண்ணை மூடிக் கேட்டு, "இப்பத்தான்யா என் எழுத்துக்கு ஒரு மரியாதை" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதில் உள்ள வசதியை முதலில் கண்டுகொண்டவள் ரெஜினா.

"அக்கா, நாலாவது கம்பத்து லைட் எரியலை, எழுதிக்கங்க. அந்த இருட்டுல என் மருமக போனை வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நிக்கிறா, அதையும் எழுதிக்கங்க. மாசத்துல ரெண்டு தடவை அவ அம்மா வீட்டுக்குப் போகணும், போனா வர மனசு வராது. அதையும்..."

"லைட்டுக்கும் உன் மருமக அம்மாவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா நீங்க வெட்டிடுவீங்கல்ல? வெட்டுங்க. நான் வேணாங்கலை."

வெட்டினாள். ஆறரைக்கு வந்தது. மறுநாள் காலையில் அந்த மருமகள் ஷைலஜா, தலை வாராமல் வந்து, சாக்கடை அடைப்பைப் பற்றி ஒரு புகார் கொடுத்தாள். அதில் சாக்கடை ஒரு வரி, மாமியார் பதினான்கு வரி. அதுவும் வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துச் சுண்டலைத் தின்றுகொண்டு ஒருத்தியைப் பற்றி ஒருத்தி கேட்டார்கள், கேட்டுவிட்டு எழுந்து ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள், அந்த வீட்டில் அன்றைக்குப் பாத்திரம் விழும் சத்தம் இல்லை. அப்புறம் தெருவே பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதோடு தம்பி பாகப் பிரிவினையில் செய்த துரோகம் வந்தது, கொசு மருந்தோடு இருபது வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன ஒரு கல்யாணம் வந்தது. முகத்துக்கு நேரே சொன்னால் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய சங்கதிகள் இஸ்திரிக்காரர் வாயில் ஈரம் உலர்ந்து, சுருக்கம் நீங்கி வந்தன, யாருக்கும் சுடவில்லை.

"நான் என்ன உங்க வீட்டுச் சண்டைக்கெல்லாம் தபால்காரியா?" என்று அமலோற்பவம் கத்தினாள். கத்திவிட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் காலிங்பெல் அடிப்பதும், ஒரு ஆள் வாசலில் நின்று "அக்கா இருக்கீங்களா" என்று கேட்பதும் கில்பர்ட் போன பிறகு அந்த வீடு மறந்துபோயிருந்த சத்தங்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது விஷயமில்லை.

அவளுக்கென்று ஒரு எழுத்துவேலை தனியாக இருந்தது. மகள் பெனிட்டா லீட்ஸில் இருந்தாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து, அவளுக்கு ஒரு செய்தி போகும். "இங்கே வெயில். சாப்பிட்டியா." அல்லது, "தேங்காய் முப்பது ரூபாய். சளி தேவலையா." அதற்கு மேல் போகாது. போகக்கூடாது என்பது பெனிட்டா வைத்த சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வந்து நின்றவள், நாலாம் நாள் அதே பெட்டிகளோடு திரும்பிப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "போன் பண்ணாதீங்கம்மா. எழுதுங்க. ஒரு ட்வீட் அளவுக்கு. அதுக்கு மேல இருந்தா நான் படிக்கமாட்டேன்." அமலோற்பவமும் எழுதினாள். பழக்கப்பட்ட கை, வேண்டாததை மனசிலேயே வெட்டிவிட்டுத்தான் விரலைப் போனில் வைப்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையிலிருந்து மழை. பால்காரர்கூட பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். காலிங்பெல் அடிக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு தடவை அடித்த மாதிரி இருந்து, போய்த் திறந்தால் காற்று. மத்தியானம் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ஐந்து மணிக்குப் போனை எடுத்தவள் ஏனோ அன்றைக்கு முதலில் வெட்டாமல், வந்ததையெல்லாம் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மேலிருந்து கீழ்வரை படித்து, உதட்டைச் சுழித்து, அழித்தாள். போனது இதுதான்: "மழை. ஸ்வெட்டர் போட்டுக்கோ. சாப்பிட்டியா."

ஆறேகாலுக்கு மழை விட்டது. ஜனங்கள் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் புகார் எதுவும் இல்லை என்பதால் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று ரெஜினா சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் தார்ப்பாயை விலக்கி, கரியை ஊதி, ஒரு தலையணை உறையை விரித்து, வாய் திறந்தார்.

"பெனி, அன்னைக்கு நீ சாப்பாட்டு மேஜையில உக்காந்து சொல்ல ஆரம்பிச்சே. நான் பீன்ஸ் நறுக்கிட்டிருந்தேன். மொதல்ல அவன் சாவிய எங்க வச்சான், அப்புறம் கதவு, அப்புறம் அவன் ஒண்ணும் பேசாம பாக்கிற பார்வை, அப்படின்னு நீ போயிட்டே இருந்தே. நான்தான் இழுக்காதேடின்னேன். சுருக்கமா சொல்லு, அடிச்சானா இல்லையான்னு கேட்டேன். நீ வாயை மூடிக்கிட்டே. ரெண்டு வருஷமா நான் அந்த பீன்ஸைத்தான் நறுக்கிட்டிருக்கேன் பெனி. மழைன்னா வீடு ரொம்பப் பெரிசாயிடுது. தப்பு என் மேல."

உறையை மடித்து வைத்தார். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் நிமிர்ந்து மாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அத்தனை பேரும் பட்ட பாட்டை அமலோற்பவம் மாடியில் நின்று பார்த்தாள்.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. மறுநாள் ரெஜினா வஞ்சிரம் மீன் குழம்போடு வந்தாள்.

"தனியாச் சாப்பிடாதீங்கக்கா. நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"தனியாச் சாப்பிட்டா கழுவுறதுக்குத் தட்டு ஒண்ணுதான். கிளம்பு."

ஷைலஜா வந்து அவள் வீட்டு வாசலைப் பெருக்கினாள். அமலோற்பவம் வாரியலைப் பிடுங்கி விரட்டினாள். வேதமுத்து இருமிக்கொண்டே படியேறி வந்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது. அடியேனுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை அவர் சொல்றப்ப நான் போன்ல பதிவு பண்ணிடறேன். அதைப் பாப்பாவுக்கு அப்படியே அனுப்பிட்டா..."

"என் வாயால சொல்லத் துப்பில்லாததை இஸ்திரிக்காரர் வாயால என் மகளுக்குச் சொல்லணுமா? இதுக்கு நான் ஊமையாவே இருந்துட்டுப் போறேன். எறங்குங்க."

அன்றிலிருந்து எழுதுவதை நிறுத்தினாள். சங்கத்துப் புகார்களைக் கையால் தொடவில்லை. பெனிட்டாவுக்கும் எழுதவில்லை. வெட்டுவதற்கு ஏதும் இல்லாததால் பொன்னுரங்கமும் ஆறரைக்கு வாய் திறக்கவில்லை. சுண்டல்காரர் பழைய நேரத்துக்குப் போய்விட்டார். சங்கத்தின் கணக்கில் மறுபடி "என்னவென்றா" தலைகாட்டியது. ரெஜினா வீட்டில் மறுபடி பாத்திரம் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. ஒருநாள். இரண்டு நாள். அம்மாவிடமிருந்து ஏன் ஒன்றும் வரவில்லை என்று அந்தப் பெண் கேட்பாள் என்று எண்ணினாள். ஐந்து நாள். சளி பிடித்திருக்கும், வேலை இருக்கும். ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் போனைச் சார்ஜில் போட்டு, எடுத்து, தன் எண்ணுக்கு ரெஜினாவைக் கூப்பிடச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று பார்த்தாள். அடித்தது.

பத்தாம் நாள் நாலு மணிக்கு ஒரு சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். மரத்தடியில் யாரும் இல்லை.

"பொன்னுரங்கம், ஒண்ணு கேக்கிறேன். நீங்க பேசறது உங்களுக்குக் கேக்குமா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப என்ன சொல்றோம்னே தெரியாதா?"

தெரியாது. அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குப்பை, லைட், சாக்கடை என்பதற்குச் சங்க அலுவலகம் இருந்த பக்கம் கையைக் காட்டி, தொண்டையைத் தடவி, ஒன்றுமில்லை என்று விரலை விரித்தார். பிறகு அவள் வீட்டு மாடியைக் காட்டி, கரிப்பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கனிந்து கிடந்த கங்கைக் காட்டி, மறுபடி தொண்டையைத் தொட்டார்.

அமலோற்பவம் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "எத்தனை நாள் இருந்தது?"

மூன்று விரல்.

"சுடுதண்ணியாவது குடிச்சீங்களா? சொல்லக் கூடாதா ஒரு மனுஷிக்கிட்ட?" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் அபத்தம் உறைத்து, சேலையை வண்டியில் போட்டுவிட்டு விடுவிடென்று மாடியேறினாள்.

அவர் தொண்டையைச் சுட்ட வார்த்தைகளைக் கேட்டு ஒரு தெருவுக்கே மனசு இளகியிருக்கிறது; சுடவேண்டிய இடத்தில் மட்டும் சுடவில்லை. மேஜையில் உட்கார்ந்து, ஐந்து மணிக்கு, எல்லாவற்றையும் தட்டினாள். பத்து நாளாக ஏன் எழுதவில்லை என்பதை, மழையை, சாக்கடை மூடி வந்துவிட்டதை, வஞ்சிரம் மீன் குழம்பில் புளி தூக்கலாக இருந்ததை, ஸ்வெட்டரை, ஷைலஜா வாசல் பெருக்கியதை, தேங்காய் விலையை, பிறகு அந்தச் சாப்பாட்டு மேஜையை. நானூறு எழுத்துக்கு மேல் போனது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். சிஸ்டர் பெர்னதெத்தின் மரஸ்கேல் காதுக்குள் தட்டியது. அந்தத் தட்டலைக் கேட்டபடியே, ஐம்பத்துநாலு வயசில் முதல்தடவையாக, விஷயம் என்று இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்ததை எல்லாம் வெட்டினாள். மழை போனது. மூடி போனது. சாப்பிட்டியா என்பதும் போனது. அது போகும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. மிஞ்சியது இவ்வளவு:

"பெனி, அன்னைக்கு உன்னைச் சுருக்கமா சொல்லச் சொன்னது தப்பு. சாவியிலேருந்து மறுபடி சொல்றியா? எவ்வளவு நேரமானாலும் கேக்கிறேன்."

அனுப்பினாள். ஐந்தரைக்குப் பார்த்தாள். ஆறுக்குப் பார்த்தாள். படித்ததற்கான அடையாளம் விழவில்லை.

ஆறரைக்கு அவளே கீழே இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரெஜினா நகர்ந்து இடம் கொடுத்தாள். பத்து நாள் கழித்துப் பொன்னுரங்கம் அவளுடைய சேலையை விரித்து, வாய் திறந்து, சாக்கடை மூடி வந்துவிட்டது என்றார், தேங்காய் முப்பத்திரண்டு என்றார், வஞ்சிரம் குழம்பில் புளி தூக்கல் என்றார்.

"தூக்கலா? கைய நக்கிட்டு இருந்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள் ரெஜினா.

"இன்னைக்கு என்னமோ வானொலில வானிலை அறிக்கை மாதிரி இருக்கு" என்று வேதமுத்து எழுந்து வேட்டியைத் தட்டினார். மற்றவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொன்னுரங்கத்துக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. சாதாரணமாகச் சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் மடியில் இருந்த போனில் வெளிச்சம் வந்தது. பெனிட்டா படித்துவிட்டாள். பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் துள்ள ஆரம்பித்தன. துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. தெருவிளக்கு எரிந்தது, நாலாவது கம்பத்திலும். கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். புள்ளிகள் துள்ளிக்கொண்டே இருந்தன. பதினேழு நிமிஷம். அமலோற்பவம் ஒரு தடவைகூட, கில்பர்ட்டிடம் சொன்ன மாதிரி, விஷயத்துக்கு வா என்று நினைக்கவில்லை.

பிறகு வந்தது.

"அப்புறம் சொல்றேன்ம்மா."

அவ்வளவுதான். அமலோற்பவம் அதைப் படித்தாள். வெட்டுவதில் பரிசு வாங்கியவளுக்கு வெட்டுப்பட்ட இடம் தெரியாதா? பதினேழு நிமிஷத்தில் ஒரு பெண்ணின் விரல் எவ்வளவு தட்டியிருக்கும், எத்தனை சாவி, எத்தனை கதவு, அதையெல்லாம் அழிக்க அவள் எத்தனை தடவை கட்டைவிரலை அழுத்தியிருப்பாள் என்று அவளுக்குக் கணக்காகத் தெரிந்தது.

லீட்ஸில் இப்போது மத்தியானம் இரண்டு மணிக்குள் இருக்கும். அங்கும் ஏதாவது ஒரு தெருவில், பஸ் நிறுத்தத்துக் கண்ணாடியைத் துடைக்கிறவரோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிறவரோ, வருஷக்கணக்காக யாரிடமும் வாய் திறக்காத ஒரு ஆள், கை வேலையை விடாமல், தனக்கே தெரியாத தமிழில், "அம்மா, மொதல்ல அவன் சாவிய எங்க வச்சான்னா" என்று ஆரம்பித்திருப்பார். அந்த ஊரில் யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாது. புரியாவிட்டால் போகிறது. குளிரோ மழையோ, போகிறவர்களில் யாராவது ஒருத்தர் குடையை மடக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், அவர் சொல்லி முடிக்கிறவரை பக்கத்தில் நின்றால் போதும் என்று, காலியான பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அமலோற்பவம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.